கிருஷ்ணன் (1979) என்பவர் யார்?

போன வருஷம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கொண்டுவந்து காட்டினாள். தமிழ் நாவல்களில் உழைக்கும் பெண்கள் பற்றிய ஆய்வு. நன்றாகவே எழுதியிருந்தாள். பத்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வைக் கிருஷ்ணன் (1979) பதிவுசெய்கிறார் என்று இருந்தது.

"யாரும்மா இந்தக் கிருஷ்ணன்?"

"ராஜம் கிருஷ்ணன்தாம்மா. கரிப்பு மணிகள்."

"அப்போ ராஜம் எங்க போனாங்க?"

"ஏபிஏ-ல லாஸ்ட் நேம் மட்டும்தான் போடணும்னு சொல்லிட்டாங்கம்மா. பின்னாடி நூற்பட்டியல்ல பாருங்க, இருக்காங்க."

பார்த்தேன். 'கிருஷ்ணன், ரா.' என்று இருந்தது.

கிருஷ்ணன் என்பது ராஜத்தின் கணவர் பெயர். உப்பளத்துக்குப் போனவர், அந்தப் பெண்களோடு பேசியவர், நாவலை எழுதியவர் எல்லாம் ராஜம். உழைக்கும் பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வேட்டில், அவர்களைப் பற்றி எழுத உழைத்த பெண் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டார். கணவர் நாவலாசிரியர் ஆகிவிட்டார். இதைச் செய்ய ஒரு கமா போதுமானதாக இருந்தது.

மாணவிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு மேலிருந்து வந்த உத்தரவு அது. இந்தக் கட்டுரை அந்த உத்தரவுக்கு எதிரானது. உடனே, "மேற்கோள் குறிப்பெல்லாம் எதுக்கு, அறிவு எல்லாருக்கும் பொது" என்று கிளம்பும் நண்பர்கள் இங்கே இறங்கிக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிர். மேற்கோள் குறிப்பு மிக முக்கியமானது. அதனால்தான் அதை கமா, புள்ளி, சாய்வெழுத்து பார்க்கிற வேலையாக மாற்றிவைத்திருப்பவர்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஒரு மேற்கோள் குறிப்பு இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, அது விலாசம். நான் சொன்னது சரியா என்று பார்க்க விரும்பும் வாசகர் அதைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, அது கடன் சீட்டு. இந்த விஷயம் என்னுடையது இல்லை, இன்னாரிடம் வாங்கியது என்ற ஒப்புதல். வாசகர் போய்ச் சேர முடியாவிட்டால் விலாசம் தப்பு. கடன் கொடுத்தவர் பெயர் மாறியிருந்தால் சீட்டு பொய். இந்த இரண்டும் சரியாக இருந்தால், கமா எங்கே இருக்கிறது என்பது அலங்காரம்.

நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் நடப்பது தலைகீழ். அலங்காரம் சரியாக இருந்தால் விலாசத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன?

அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் வழக்கம் வேதம் இல்லை. 1881இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சியைப் பற்றி ஒரு ஆய்வுரை எழுதினார். ஆசிரியர்-ஆண்டு முறையின் முதல் முகம் அதில்தான் தெரிகிறது என்கிறார்கள். நத்தை ஆராய்ச்சிக்கு அது பொருத்தமான முறை. விலங்கியலில் ஒரு முடிவு எந்த வருஷம் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பழைய முடிவைப் புதியது தள்ளிவிடும்.

ஏபிஏ என்கிற அமெரிக்க உளவியல் சங்க முறை 1929இல் ஒரு ஆய்விதழில் வந்த ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. எம்எல்ஏ என்றதும் உங்களுக்குத் தொகுதி ஞாபகம் வந்தால் தப்பில்லை. இது நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ, 1951இல் வந்தது. சிகாகோ கையேடு 1906. எல்லாம் குறிப்பிட்ட துறைகள், தங்கள் அச்சகத் தேவைக்காகவும் ஆய்விதழ்த் தேவைக்காகவும் செய்துகொண்ட ஏற்பாடுகள். அவர்களே அவற்றை மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். 2009இல் வந்த எம்எல்ஏ ஏழாம் பதிப்பு, ஒவ்வொரு நூலுக்குப் பின்னாலும் அச்சு, இணையம் என்று ஊடகத்தைச் சொல்லச் சொன்னது. 2016இல் எட்டாம் பதிப்பு அதைத் தூக்கிவிட்டது. 2019இல் வெளிவந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு, பதிப்பக ஊர் வேண்டாம் என்றது. 2024இல் சிகாகோவும் அதே முடிவுக்கு வந்தது. 'சென்னை' விட்டுப்போனதற்காக டி.டி.பி. சென்டரில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகளின் பைண்டிங் செலவை யார் திருப்பித் தருவது?

இந்த முறைகளைக் குறை சொல்லவில்லை. அந்தந்த வீட்டுக்கு அந்தந்தச் சாவி. நம் வீட்டுப் பூட்டில் அதை நுழைத்து, திறக்கவில்லை என்றதும் பூட்டை உடைப்பதுதான் பிரச்சினை.

பெயரை உடைப்பது

ஐரோப்பியப் பெயரில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். அகரவரிசைக்காக அதை முன்னால் இழுத்து கமா போடுகிறார்கள். நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் நிற்பது ஊரோ அப்பாவோ. 'தி. ஜானகிராமன்' என்பதை 'ஜானகிராமன், தி.' என்று போட்டால் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. நம் நூலகங்கள் நெடுங்காலமாக அப்படித்தான் செய்கின்றன. இனிஷியல் பின்னால் போகலாம், பெயர் உடையக் கூடாது. இவ்வளவுதான் விதி. அதைத்தான் மீறுகிறோம்.

'இந்திரா பார்த்தசாரதி' ஒரு புனைபெயர். பார்த்தசாரதி என்ற எழுத்தாளர் தன் மனைவி பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டது. அதை உடைத்து 'பார்த்தசாரதி, இ.' என்று ஆக்கினால் அப்படி ஒரு எழுத்தாளர் உலகத்தில் கிடையாது. ஆய்வேட்டின் உள்ளே வெறும் பார்த்தசாரதி என்று போட்டால் நா. பார்த்தசாரதியா, இ.பா.வா? வாசகர் பின்னால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹெப்சிபா ஜேசுதாசன் கதை இன்னும் நல்லது. 'புத்தம் வீடு' எழுதியவர். கணவர் பேராசிரியர் ஜேசுதாசன். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் வந்தது. நம் முறைப்படி அது 'ஜேசுதாசன் மற்றும் ஜேசுதாசன்' ஆகும். அடுத்த பத்தியில் 'ஜேசுதாசன் கூறுவதுபோல' என்று ஒரு மேற்கோள் வந்தால், அது அந்த அம்மா எழுதிய நாவலைப் பற்றியதா, அவர் கணவர் சொன்ன கருத்தா?

கவனியுங்கள், அப்பா பெயர் முன்னால் நிற்கும்போது கமா பெரிதாக எதையும் கெடுப்பதில்லை. கணவர் பெயர் பின்னால் நிற்கும்போதுதான் ஆளையே விழுங்குகிறது. அடி விழுவது பெண் எழுத்தாளர்களுக்கு. இதைச் சொன்னால், "அதெல்லாம் உலகத் தரம்மா, நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது" என்று பதில் வருகிறது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. பின்னால் வருவது அப்பா பெயரிலிருந்து உண்டான பெயர். அங்கே டெலிபோன் டைரக்டரியே இயற்பெயர் வரிசையில்தான். ஆங்கில நூலகப் பட்டியல் விதிகளும் ஐஸ்லாந்துப் பெயர்களை அப்படியே வைக்கச் சொல்கின்றன. சென்னை மாநகராட்சியைவிட மிகக் குறைவான மக்கள்தொகை உள்ள ஒரு நாடு தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. நாம் கேட்கவே இல்லை.

வள்ளுவர் (2015)

பெயர் போகட்டும், ஆண்டைப் பாருங்கள். '(திருவள்ளுவர், 2015)' என்று நானே படித்திருக்கிறேன். அது அந்த மாணவரிடம் இருந்த மலிவுப் பதிப்பின் ஆண்டு. பக்க எண்ணும் போட்டிருந்தார். குறள் எண் மட்டும் இல்லை. எல்லார் வீட்டிலும் வேறு வேறு பதிப்பு இருக்கும் ஒரு நூலுக்குப் பக்க எண் தருவது, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் வா என்று ஊர் பெயர் சொல்லாமல் கூப்பிடுவது மாதிரி.

இத்தனைக்கும் இந்த அபத்தத்துக்கு ஏபிஏ பொறுப்பில்லை. மறுபதிப்பான நூலுக்கு முதல் ஆண்டு, ஒரு சாய்கோடு, கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டு என இரண்டையும் தரச் சொல்கிறது அந்தக் கையேடு. செவ்வியல் நூல்களுக்குப் பக்கத்துக்குப் பதிலாக இயல், செய்யுள் எண்களைத் தரலாம் என்கிறது. நம் அலுவலகங்களில் இருப்பது கையேடு இல்லை. கையேட்டைப் படித்த யாரோ ஒருவர் எப்போதோ தட்டச்சு செய்த இரண்டு பக்கச் சுற்றறிக்கை.

செய்யுள் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்று நாம் சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வைத்த வரிசை. மணக்குடவர் வரிசை வேறு. ஆகவே மணக்குடவர் உரையை எடுத்தாளும்போது எந்த வரிசை எண் என்று சொல்லாவிட்டால், படிப்பவர் வேறொரு குறளில் போய் நிற்பார். இதைக் கேட்கும் ஆய்வேடு சரிபார்ப்பாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நவீன இலக்கியத்துக்கும் இதே கதை. பாரதியின் எழுத்துகள் 1949இல் அரசுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். 'பாரதியார் கவிதைகள், ப. 112' என்றால் எந்தப் பதிப்பகத்தின், எந்த அச்சின் 112? கவிதைத் தலைப்பைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும். அதைச் சொல்வதில்லை. ஒரு சிறுகதை முதலில் எந்த இதழில், எப்போது வந்தது என்பது சாதாரணத் தகவல் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த 'புதுமைப்பித்தன் கதைகள்' அந்தத் தகவலைக் கதைக்குக் கதை தேடித் தந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 'புதுமைப்பித்தன் (2000)' என்று எழுதினால், 1948இல் இறந்த மனுஷன் ஐம்பத்திரண்டு வருஷம் கழித்துக் கதை எழுதியதாக ஆகிறது.

நம் வீட்டு வழக்கம்

"அப்போ பழைய தமிழ் முறைக்கே போயிடலாமா?" என்று சிலர் உற்சாகமாகக் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். நம் முன்னோரிடமும் வழக்கு உண்டு.

தொல்காப்பியத்திலேயே 'என்ப', 'என்மனார்' உண்டு. இது நான் சொல்வதில்லை, முன்னோர் சொன்னது என்ற பணிவு அதில் இருக்கிறது. எந்த முன்னோர் என்பது இல்லை. உரையாசிரியர்கள் ஒரு பாட்டு வரியை எடுத்துக்காட்டிவிட்டு 'என்றார் பிறரும்' என்று போய்விடுவார்கள். படிக்கிறவருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை உடைந்தபோது என்ன ஆனது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையே சாட்சி. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். நச்சினார்க்கினியர் உரையைப் படிக்கும்போது, அவர் காட்டும் மேற்கோள்கள் எந்த நூலில் இருக்கின்றன என்று தெரியாமல் தவித்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அந்த வரிகளில் பல பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் இருந்தன என்பது, ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் புரட்டிய பிறகே தெரிந்தது. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. ஏழு வருஷம். உரையாசிரியர் நூற்பெயரை மட்டும் சொல்லியிருந்தால் அதில் எத்தனை ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்!

மறுபக்கமும் உண்டு. யாப்பருங்கல விருத்தி உரைகாரர் பல நூல்களைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டினார். அவற்றில் பல இன்று இல்லை. ஆனால் பெயராவது நமக்குத் தெரிகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுத முடிந்ததற்குக் காரணம் இப்படிப் பெயர் சொன்னவர்கள்தான். வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக இல்லை. உரைகளும் தொகைநூல்களும் எடுத்தாண்ட பாடல்களாகவே எஞ்சியிருக்கின்றன. யாரோ மேற்கோள் காட்டியதால் இன்னும் மூச்சு விடுகின்றன.

அச்சு வந்தபின் நாமே நல்ல முறைகளை உண்டாக்கினோம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பொருளுக்குப் பின்னால் நூலின் சுருக்கப் பெயர், ஒரு எண். நேரே பாட்டுக்குக் கூட்டிப்போகும். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அடுத்த பாட்டை இழுத்து வந்து அந்த எண்ணில் யாரும் உட்காரவைக்கவில்லை. இல்லாத பாட்டுக்கும் விலாசம் காலியாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நேர்மையை விடப் பெரிய மேற்கோள் பாடம் எனக்குத் தெரியவில்லை.

என் கணக்கு

ஊரைத் திட்டிவிட்டு நான் மட்டும் நல்லவள் என்று போய்விட முடியாது.

பல வருஷத்துக்கு முன் என் ஆய்வேட்டில், 1930களின் ஒரு பழைய இதழில் வந்த கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தேன். இதழ், மாதம், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதம். அந்த இதழை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. ஒரு விமர்சகர் தன் நூலின் அடிக்குறிப்பில் தந்திருந்ததை எடுத்துக்கொண்டு, அவர் பெயரை விட்டுவிட்டேன். மூலத்தையே படித்தது மாதிரி இருக்கட்டுமே என்ற ஆசை. அந்த ஆய்வேட்டை அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. ஒரு முறை அடிக்குறிப்பு எழுத்தின் அளவு, ஒரு முறை 'மேலது' என்பதற்குப் பின்னால் கமா, ஒரு முறை நூற்பட்டியல் வரிசை. அந்தப் பொய்யை யாரும் தொடவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் சான்றுகளின் செறிவைப் பாராட்டினார்.

பிறகு ஒருநாள் வேறு வேலையாக ஒரு நூலகத்தில் அந்த இதழின் தொகுதி கையில் கிடைத்தது. நான் சொன்ன மாதத்தில் அந்தக் கட்டுரை இல்லை. இரண்டு மாதம் தள்ளி இருந்தது. விமர்சகர் வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் எடுத்திருந்தார். முன்பாதியில் ஒரு நிபந்தனை இருந்தது. அதோடு சேர்த்துப் படித்தால் என் இயலின் வாதமே பாதி சாய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அப்புறம்தான். அதே மேற்கோள் மூன்று ஆய்வேடுகளில் இருப்பதைப் பார்த்தேன். எதிலும் என் பெயர் இல்லை, விமர்சகர் பெயரும் இல்லை. மூவரும் மூல இதழைப் படித்ததாகவே காட்டியிருந்தார்கள். என்னிடமிருந்து எடுத்தார்கள் என்று எப்படித் தெரியும்? விமர்சகர் நூலில் பக்கம் 14. நான் தட்டச்சில் தவறி 41 என்று போட்டிருந்தேன். மூன்றிலும் 41.

ஏபிஏவிலும் எம்எல்ஏவிலும் இதற்கு எளிய விதி உண்டு. நீ மூலத்தைப் பார்க்கவில்லை என்றால், யார் வழியாகப் பார்த்தாய் என்று சொல். அந்தக் கையேடுகளில் ஒழுக்கம் சார்ந்த விதி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். நம் சுற்றறிக்கையில் இது இல்லை.

இனி வடிவம் காப்பாற்றாது

முன்பெல்லாம் ஒரு நியாயம் சொல்வார்கள். கமாவைக்கூடப் பார்த்துப் போடுகிறவன் மற்றதையும் பார்த்திருப்பான் என்று. அந்த நியாயம் செத்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு முன்தீர்ப்புகளைக் காட்டினார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், ஆண்டு எல்லாம் முறைப்படி இருந்தன. வழக்குகள்தான் இல்லை. நீதிபதி ஐயாயிரம் டாலர் அபராதம் போட்டார். பிழையில்லாத வடிவம் இன்று உலகத்திலேயே மலிவான சரக்கு. இல்லாத நூலுக்கு, இல்லாத பக்கத்துக்கு, கமா பிசகாமல் குறிப்பு எழுத இயந்திரம் தயார். கமாவை மட்டும் பார்க்கும் அலுவலகம் அதற்கு முதல் வகுப்பு கொடுக்கும்.

ஆக, என்னதான் செய்வது? என் கோரிக்கைகள் எளியவை. கண்ணால் பார்த்ததை மட்டும் மூலம் என்று சொல்லுங்கள். மற்றதற்கு இன்னார் நூல்வழி என்று எழுதுங்கள், மானம் போகாது. பெயரை அவர் வைத்துக்கொண்ட மாதிரியே எழுதுங்கள். பழைய நூலுக்குப் பாட்டு எண்ணும் பதிப்பாசிரியர் பெயரும், நவீன நூலுக்கு முதல் வெளியீட்டு ஆண்டும் கையிலிருக்கும் பதிப்பும் தாருங்கள். இணையத்தில் படித்ததற்கு, பார்த்த தேதியோடு ஆவணக் காப்பகத்தில் ஒரு நகலையும் சேமியுங்கள். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடியபோது எத்தனை பக்கங்கள் ஒரே நாளில் விலாசம் இழந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டத்தில் படித்தால் மதுரைத் திட்டம் என்றே சொல்லுங்கள். மின்னூலைப் படித்துவிட்டு அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நூற்பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து குறிப்பைத் தொடுங்கள். "இதை எங்கே பார்த்தீர்கள், எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால், அந்த 41 மூன்று ஆய்வேடுகளுக்குப் பரவியிருக்காது.

அந்த மாணவி 'கிருஷ்ணன், ரா.' என்பதை 'ராஜம் கிருஷ்ணன்' என்று மாற்றினாள். அலுவலகம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பியது. அவள் திரும்ப மாற்றவில்லை. ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்தாள். தமிழ்ப் பெயர்கள் இந்த ஆய்வேட்டில் உடைக்கப்படவில்லை, காரணம் இன்னது என்று. நெறியாளர் முதலில் தயங்கினார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். இப்போது அது மறுபடியும் அலுவலகத்தில் இருக்கிறது.

"திரும்பவும் அனுப்பிட்டாங்கன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

"திரும்பவும் அதையே கொடு" என்றேன்.